பெட்டிக்குத் தைத்த சட்டை

என்னைக் கழுதை இடித்து விழுத்தியது என்று எங்கள் ஊர் பள்ளிமுனை முழுக்கக் கதை. பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த இடத்தில அக்கா, பஸ் ஸ்டாண்டடியிலயோ?" என்று கேட்கிறாள். கழுதைகள் பாவம். தெருவெல்லாம் கழுதை திரியும் மன்னாரில் எது நடந்தாலும் பழி அவற்றின் தலையில்தான். நான் விழுந்தது என் வீட்டு முன்னறையில், தையல் மெசினுக்கு முன்னால் கிடந்த கதிரையிலிருந்து எழும்பும்போது. இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சப்பென்று போய்விடுகிறது. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே சொல்லி எனக்கும் வாய் உளைகிறது. ஆகவே ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் ரோசலின். கலியாணம் கட்டவில்லை. வயது எழுபது தாண்டிவிட்டது. பள்ளிமுனையில் இன்றைக்கு நடமாடுகிற பெண்களில் பாதிப்பேர் முதல் நன்மை வாங்கும் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை நான் தைத்ததுதான். என்னோடு இருப்பவள் பிலோமினா, என் தம்பியின் பெண்சாதி. தம்பி கடலால் வந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து செத்துப்போனான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றிலிருந்து மச்சாளும் மச்சாளுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் என்னைவிட இளையவள். அவன் போன பிறகு அவளுக்குப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆளாக நான் ஆகிவிட்டேன். விளக்குமாற்றை எடுத்தால் பறிப்பாள். வாளியைத் தொட்டால் ஓடி வருவாள். "நீங்க இருங்கோ மச்சாள், நான் இருக்கிறன்தானே" என்பாள். நானும் இருந்தேன்.

விழுந்த கதையையும் சொல்லி முடிக்கிறேன். ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துவிட்டு எழும்பினேன். கால் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. இடது பக்கமாகச் சரிந்து சீமெந்தில் இருந்துவிட்டேன். பெரிய சத்தமும் இல்லை, நோவும் உடனே வரவில்லை. மெசினின் மிதிக்குள் எவ்வளவு நூல் சிக்கிக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிலோ குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ மாதாவே! என்ன மச்சாள், என்ன செய்தனீங்கள்?"

"கீழ இருந்து பார்த்தனான்" என்றேன்.

"பகிடி விடாமல் எழும்புங்கோ."

எழும்ப முடிந்தால் நான் ஏன் அங்கே இருக்கப் போகிறேன்? அவள் தூக்கப் பார்த்தபோதுதான் நோவு வந்தது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, கால் கட்டையாகத் தெரிந்தது. ஓட்டோவில் படுக்க வைத்து மன்னார் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பிலோ செபமாலை சொன்னாள். நான் ஓட்டோவின் கூரையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வாட்டு டொக்டர் வந்து சொன்னார். தொடை எலும்பின் மேல்நுனி ஒரு கழுத்தைப்போல வளைந்து, உருண்டைத் தலை ஒன்றைத் தாங்கிக்கொண்டு இடுப்புக் குழிக்குள் இருக்குமாம். அந்தக் கழுத்துத்தான் முறிந்திருந்தது. பழைய தலையை எடுத்துவிட்டு உலோகத்தால் ஒன்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நடக்க முடியாது. படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், அந்தச் சளியே ஆளைக் கொண்டுபோய்விடும். வைப்பதற்கும் உடனே முடியாது. எனக்கு இரத்தம் குறைவு, இரத்தத்தில் உப்பும் குறைவு. அதைச் சரிக்கட்டிய பிறகுதான் மேசையில் ஏற்றலாம். அதுவரைக்கும் காலில் ஒரு பாரத்தைக் கட்டிக் கட்டில் நுனியில் தொங்கவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொன்னேன். வேறு யாரோ ஒருத்தியின் காலைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஹாஜரா என்று ஒருத்தி. முசலி ஆள். சீனி வருத்தத்தால் பாதத்தில் வந்த புண் ஆறாமல் வந்து படுத்திருந்தாள். கட்டில் நிறைந்த உடம்பு, வாட்டு நிறைந்த சிரிப்பு. நான் வந்து படுத்த உடனே திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன அக்கா, விழுந்தீங்களா, விழுத்தினாங்களா?"

"கதிரை விழுத்தினது."

"கதிரையை நம்பாதீங்க. எங்கட வீட்டில நான் இருந்தா கதிரைதான் விழும்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒரு கதிரையை இழுத்து என் தலைமாட்டில் போட்டுக்கொண்டு இருந்தார், அவசரப்படவில்லை. தன் இரண்டு விரல்களை என் கைக்குள் வைத்து, "எவ்வளவு பலமா ஏலுமோ அவ்வளவு பலமா அமத்துங்கோ அம்மா" என்றார். அமத்தினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"விழ முதல், கதிரையில இருந்து கை ஊன்றாமல் எழும்புவீங்களோ?"

"கதிரைக்குக் கைப்பிடி வச்சது பிறகு எதுக்கு டொக்டர்?"

"சரி. போன வருசத்தோட பார்க்க மெலிஞ்சு போனீங்களோ?"

நான் வாய் திறக்க முன் பிலோ முந்திக்கொண்டாள். "இல்லை டொக்டர், அவ எப்பவும் உப்பிடித்தான். மெல்லிய உடம்பு."

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடுவா."

"நடை? களைப்பு?"

"ஒரு களைப்பும் இல்லை. ராணி மாதிரி வச்சிருக்கிறன். ஒரு வேலை செய்ய விடுறேல்லை."

பொம்பிளை பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனாள். நல்லதாகச் சொன்னால் டொக்டர் என்னை நல்லபடியாகப் பார்ப்பார் என்று நினைத்தாள். கடைசியில் நாடியை உயர்த்திக்கொண்டு, தன்னிடம் இருந்த பெரிய பெருமையையும் எடுத்து வைத்தாள்.

"இந்த வயசிலயும் அவ ஒருசந்தி விடுறேல்லை டொக்டர். தபசு காலம் மட்டுமில்லை, வருசம் முழுக்கப் புதனும் வெள்ளியும்."

டொக்டர் சைவ சமயத்துக்காரர். "ஒருசந்தி எண்டா?" என்று கேட்டார்.

"உபவாசம். ஒரு நேரச் சாப்பாடு. மீன் இல்லை, முட்டை இல்லை. பள்ளிமுனையில அவ மாதிரி ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

பிலோ சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் அதைப் பக்தியால் செய்யவும் இல்லை. தம்பி போன பிறகு எனக்குப் பசி போய்விட்டது. பசி இல்லாதவளுக்கு ஒருசந்தி பிடிப்பதில் என்ன கஷ்டம்? முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு புதன், பிறகு மாதத்தின் முதல் சனி. சோற்றைத் தள்ளிவைத்தால் பிலோ அழுவாள். ஒருசந்தி என்று சொன்னால் அழாமல் என்னை மதிப்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

"டொக்டர், நான் செத்துப்போவனோ?" என்று கேட்டேன். பயத்தால் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கேள்வி என்று கேட்டேன்.

"மேசையில சாக விடமாட்டம். முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் விறைக்கப் பண்ணுவம். எனக்குக் கவலை அதுக்குப் பிறகு வாற மாசங்களைப் பற்றித்தான். உங்கட மச்சாள் சொல்றதும் உங்கட கையும் ஒத்து வரயில்லை அம்மா."

அவர் போன பிறகு பிலோ விறாந்தையில் போய் நின்று யாருடனோ போனில் கதைத்தாள். பின்னேரம் சுவாமி வந்தார். எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த இளம் சுவாமி. எண்ணெய்ச் சிமிழைத் திறந்துகொண்டே, "பயப்படாதேங்கோ அம்மா, இது சுகம் கேட்டுப் பூசுறது. சாகப்போறவைக்கு மட்டும் எண்டு இல்லை" என்றார். படித்தவர்கள் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அவஸ்தைப் பூசுதல். எண்ணெய் பூசின ஆள் பிறகு கட்டிலை விட்டு எழும்பினதை என் சிறுவயதில் நான் கண்டதில்லை. நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினார். எண்ணெய் குளிர்ந்திருந்தது. பிலோ தேம்பினாள். பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சாமான் எல்லாம் கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு இருக்கிறவளைப்போல் இருந்தேன்.

அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பட்டினி கிடப்போம் என்று நான் தீர்மானிக்கவில்லை. போகப்போகிற ஆளுக்கு எதற்கு என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். ஆசுபத்திரிச் சோறு வந்தபடியே திரும்பிப் போனது. பிலோ விளைமீன் சொதி வைத்து, முள் எல்லாம் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொண்டுவருவாள். இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்புவேன். அவள் அதை மூடிக் கொண்டுபோவாள். அவள் சாப்பிட்டாளா என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் அவளிடம் சொன்னேன்: "அலுமாரியில கீழ்த்தட்டில, பழைய விரிப்புக்குள்ள சுத்தி ஒரு பொதி கிடக்கு. எடுத்து வெளியில வை."

"என்ன பொதி மச்சாள்?"

"என்ட உடுப்பு."

நான் வீட்டில் எடுத்து வைக்கச் சொன்னேன். அவளோ, ஒப்பரேசனுக்குப் பிறகு மாற்றுகிற உடுப்பு என்று நினைத்து, அடுத்தநாள் ஆட்கள் பார்க்க வருகிற நேரத்தில் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாக் கட்டிலிலும் சனம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் கால்மாட்டில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

வெள்ளைச் சீலை, பொன் கரை போட்டது. அதன்மேல் வெள்ளைச் சட்டை. ஒரு பொலித்தீன் பையில் செபமாலை. ஒரு சோடி வெள்ளைக் காலுறை. கடைசியாக வெள்ளைக் கையுறை.

கையுறையைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற கிழவி எவள் வெள்ளைக் கையுறை போடுகிறாள்? பெட்டிக்குள் படுக்க வைக்கும்போதுதான் போட்டுவிடுவார்கள்.

"எப்ப இருந்து இதை வச்சிருக்கிறீங்கள்?" அவளுடைய குரல் எழும்பவே இல்லை.

"தம்பி செத்த வருசம் தைச்சனான்."

"ஒரே வீட்டில இருக்கிறன். ஒரு வார்த்தை சொல்லயில்லையே மச்சாள்."

"சொன்னா விட்டிருப்பியா?"

"கொண்டுபோய் அடுப்பில போடுறன் பாருங்கோ!"

வாட்டு முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஹாஜரா மெல்லத் தலையை நீட்டினாள்.

"ஏன் தங்கச்சி ஏசுறீங்க? எனக்கும் அலுமாரியில கபன் துணி கிடக்கு. மகன் மக்காவுக்குப் போய் சம்சம் தண்ணியில நனைச்சுக் கொண்டாந்தது. மௌத்தாப் போனா சுத்திக் கொண்டுபோக." சொல்லிக்கொண்டே என் சட்டையைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தாள். "வடிவாத் தைச்சிருக்கீங்க. எங்கட துணிக்குத் தையலும் இல்லை, அளவும் இல்லை. உங்கடதுக்கு அளவு இருக்கே அக்கா. போட்டுப் பார்த்தீங்களா?"

தைத்த அன்று போட்டுப் பார்த்தது. அச்சாக இருந்தது. என் சட்டை எனக்கு எப்போதும் உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். தைக்கிறவளுடைய சட்டை தொளதொளவென்று இருந்தால் அவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? ஹாஜரா விடவில்லை. "ஒருக்காப் போடுங்க, பார்ப்பம்" என்று கலியாணச் சட்டைபோலப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். எனக்கு மறுத்துப் பேசவும் அலுப்பு. ஒரு கையில் சேலைன் ஊசி ஏறியிருந்ததால் மற்றக் கையை மட்டும் நுழைத்தேன்.

கை உள்ளே போனது. அந்தச் சட்டைக்கையில் இன்னொரு கைக்கு இடம் இருந்தது. பிலோ தன் கையை அதற்குள் விட்டாள், அதுவும் போனது. இரண்டு பேருடைய கையும் ஒரே சட்டைக்கைக்குள் இருந்தன.

நான் அறியாத விசயம் இல்லை என்று இப்போது படுகிறது. வீட்டில் உடுத்துகிற சட்டைகளின் உள்ளே கொஞ்சக் காலமாகவே துணியை மடித்துச் சட்டைப்பின் குத்திக்கொண்டு வந்தேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. துவைத்துத் துவைத்துத் துணி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரில் எவள் பெருத்தாள், எவள் மெலிந்தாள் என்று தெருவில் போகும்போதே சொல்லுகிறவள் நான். என் விசயத்தில் துணியைக் குறை சொன்னேன். ஆனால் அலுமாரிக்குள் கிடந்த சட்டையை ஒருவரும் துவைக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆசுபத்திரிக்கு வந்த பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். இந்தச் சட்டையோடு நான் பெட்டிக்குள் கிடக்க, பள்ளிமுனைப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பதை நினைத்தேன். ரோசக்கா தனக்கே அளவு பிழைக்கத் தைத்துவிட்டா என்று சொல்வார்களே. அதைத் தாங்க என்னால் முடியாது.

"ஊசி நூல் கொண்டு வா பிலோ. ரெண்டு பக்கமும் ஒடுக்கிவிட்டாச் சரி" என்றேன்.

ஹாஜரா சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "சட்டையை ஏன் ஒடுக்குறீங்க? சட்டை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் பிழை."

அந்த நேரத்தில்தான் மயக்க டொக்டர் வந்தார். ஒரு கையில் மட்டும் சட்டையோடு நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார். ஹாஜராதான் கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் அந்தச் சட்டைக்கையைப் பிடித்து, மிச்சமாக இருந்த துணியை விரல்களுக்கிடையில் மடித்துப் பார்த்தார்.

"நான் கேட்ட கேள்விக்கு மறுமொழி இதுதான் அம்மா."

பிறகு கதிரையைப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினார். இதற்கு நலிவு என்று பெயராம். வயது வேறு, நலிவு வேறு. எண்பதிலும் நலியாதவர்கள் இருக்கிறார்கள், அறுபதிலேயே நலிந்தவர்களும் இருக்கிறார்கள், பெண்களுக்கு அதிகம். தெரியாமல் மெலிந்துபோவது, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, சும்மா இருக்கவே களைப்பது, நடமாட்டம் குறைவது. இவற்றில் மூன்று சேர்ந்து வந்தாலே நலிவு என்பார்களாம். என்னிடம் எல்லாமே இருந்தன.

"கடல் கொந்தளிக்கிற காலத்துக்கு வீட்டில கருவாடு போட்டு வைப்பீங்கள்தானே? உடம்பில இருக்கிற சதையும் அப்பிடித்தான். வருத்தம் வந்து சாப்பாடு இறங்காத நேரத்தில உடம்பு அதைத்தான் எடுத்துத் தின்னும். உங்கட வீட்டில கருவாடு முடிஞ்சுபோச்சு. இனி ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும், இன்னொருக்கா விழுந்தாலும் தாங்காது. நலிஞ்ச ஆக்கள் சாகிறது பெரிய வருத்தத்தால இல்லை அம்மா, சின்ன வருத்தத்தால."

பிலோ அழுதுகொண்டே கேட்டாள்: "நான் நல்லாத்தானே பார்த்தனான் டொக்டர்?"

"நல்லாப் பார்த்தனீங்கள். கொஞ்சம் கூடிப்போச்சு. இனி அவவை வேலை செய்ய விடுங்கோ. எங்க, நீங்களும் ஒருக்கா என்ட விரலை அமத்துங்கோ பார்ப்பம்."

"எனக்கொண்டும் இல்லை டொக்டர்" என்று பிலோ கைகளைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஹாஜரா தானாகவே கையை நீட்டினாள். விரலை அமத்தச் சொல்லி, கட்டில் விளிம்பிலிருந்து கை ஊன்றாமல் எழும்பவும் சொன்னார் டொக்டர். புண் இல்லாத காலை ஊன்றி எத்தனித்துவிட்டுச் சிரித்தபடி திரும்ப இருந்தாள். குண்டாக இருப்பவர்களுக்கும் நலிவு வருமாம். சதைபோலத் தெரிவது கொழுப்பு, உள்ளே பலம் இல்லை. "நாளாந்தம் எழும்பி இருந்து பழகுங்கோ" என்றார். "பழகுவம் டொக்டர், இன்ஷா அல்லா" என்று சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடித்தாள்.

அன்று பின்னேரம் பிலோ கொண்டுவந்த சோற்றை நான் முடித்தேன். ருசிக்கவில்லை. வைக்கோல் தின்பதுபோல் இருந்தது. பசி வந்து சாப்பிடவில்லை, சட்டைக்காகச் சாப்பிட்டேன். சில நாளில் சதை வராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் வயிறு பழகட்டும், ஒப்பரேசனுக்குப் பிறகு எழும்ப அதுதான் உதவும் என்றார். முட்டை, பருப்பு, மீன், பால்மா எல்லாவற்றையும் விழுங்கினேன். வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லை என்று சுவாமியே போனில் சொல்லியும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட எனக்கு மனம் வரவில்லை.

இரத்தம் ஏற்றி, உப்பும் சரிவந்த பிறகு ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே எனக்கு அப்படி இருந்து கனகாலம் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் முகமூடிக்குள் சிரித்தார். சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது, தச்சு வேலை நடக்கிற வீட்டுக்குள் படுத்திருப்பதுபோல.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என் புத்தி ஒழுங்காக இல்லை. வயது போனவர்களுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு அப்படித் தடுமாறும், பிறகு தெளியும் என்று நேர்ஸ் பிலோவுக்குச் சொன்னாவாம். வாட்டுக்குள் கழுதை நிற்கிறது, துரத்துங்கோ என்று நான் கத்தினேனாம். ஹாஜரா மட்டும்தான் பதில் சொன்னாளாம்: "நிக்கட்டும் அக்கா. அதுக்கும் ஏதும் வருத்தமா இருக்கும்." ஊரில் கழுதைக் கதை கிளம்பியதும் இதிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

எழும்பி நிற்க வைத்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பயிற்சி கொடுக்கிற பிள்ளை வோக்கரை முன்னால் வைத்து எழும்பச் சொன்னாள். பிலோ என் கக்கத்துக்குள் கை கொடுக்க வந்தாள். "விடுங்கோ அன்ரி, அவ எழும்பட்டும்." பிலோ கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழும்பினேன். தொடை நடுங்கியது, கண் இருண்டது. அவ்வளவுக்குள்ளும் எனக்கு எரிச்சல் வந்தது, அது நல்ல அடையாளம் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

ஹாஜரா எனக்கு முன்னே வீட்டுக்குப் போனாள். போகும்போது கட்டிலைப் பிடித்துப் பிடித்து வந்து என் காலைத் தட்டினாள். "நடக்கத் தொடங்கினதும் முசலிக்கு வாங்க. எங்கட கோழி முட்டை தாறன். சட்டை நிறையட்டும்."

வீட்டுக்கு வந்த பிறகு பெட்டிச் சட்டையை அலுமாரிக்குள் வைக்கவில்லை. மெசினுக்கு மேலே ஆணியில் கொழுவினேன். பிலோவுக்கு அது கண்ணில் குத்தியது, ஆனாலும் எடுக்கவில்லை. முற்றம் கூட்டுகிற வேலையை எனக்கு விட்டுவிட்டு, கை துருதுருவென்று படியில் இருப்பாள். வெங்காயம் நான் வெட்டுகிறேன். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, இருந்து, எழும்புகிறேன். இடைக்கிடை சட்டையைப் போட்டுப் பார்ப்பேன். இப்போது என் கையோடு பிலோவின் கை போகாது, இரண்டு விரல்தான் போகும்.

சந்தோசமா என்று கேட்காதீர்கள். பசி இன்னமும் முழுதாக வரவில்லை. ஒரு வேலையைப்போலச் சாப்பிடுகிறேன்.

ஒருநாள் ஹாஜராவின் மகள் எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். உம்மாவுக்குத் தடிமன் காய்ச்சல் வந்து, நெஞ்சில் பிடித்து, ஆசுபத்திரிக்கு எடுக்க முன்னமே முடிந்துவிட்டதாம். அடக்கமும் முடிந்துவிட்டது. சின்ன வருத்தம் என்று டொக்டர் சொன்னது உடனே நினைவில் வந்தது. நான் அழவில்லை. போனை பிலோவிடம் கொடுத்துவிட்டு, கதிரையில் போய் இருந்தேன்.

பிறகு ஒருநாள் பிலோவும் நானும் பஸ்ஸில் பாலம் தாண்டி முசலிக்குப் போனோம். வோக்கரை விட்டுவிட்டுப் பொல்லோடு போனேன். மகள் தேத்தண்ணி தந்தாள். தாயைப்போலவே பெருத்த உடம்பு, ஆனால் சிரிப்பு இல்லை.

"எழும்பி இருந்து பழகுங்க உம்மா எண்டு சொல்லிப் பார்த்தன். பள்ளிமுனை அக்கா எனக்கும் சேர்த்துப் பழகுவா எண்டு சிரிப்பாங்க."

"அந்தத் துணிதானோ சுத்தினது?" என்று கேட்டேன்.

"ஓம். சம்சம் தண்ணியில நனைச்சது."

வெளிக்கிடும்போது ஒரு பையில் உமி போட்டு, அதற்குள் முட்டைகளைப் பதித்துக் கொண்டுவந்து தந்தாள். அக்கா வந்தாக் குடு என்று உம்மா சொல்லி வைத்திருந்தாவாம். நான் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அங்கே நின்று அழ எனக்கு விருப்பமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு இருக்கைதான் கிடைத்தது. பிலோ என்னை இருத்திவிட்டு, பக்கத்தில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை உயர்ந்ததில் அவளுடைய சட்டையின் பக்கத் தையல் என் கண்ணுக்கு நேரே வந்தது. அது நான் தைத்துக் கொடுத்த சட்டை, அவளுடைய அளவு எனக்கு மனப்பாடம். கக்கத்துக்குக் கீழே துணி மடிந்திருந்தது. அந்த மடிப்பில் சட்டைப்பின் ஒன்று குத்தியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பாலம் தாண்டி மன்னார் வருமட்டும் நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை நாள் என் சோற்றை மூடிக்கொண்டு போனாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முட்டைப் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

"இண்டைக்கு வெள்ளி மச்சாள். உங்களுக்கு நாளைக்கு அவிக்கிறன்."

"இண்டைக்கே அவி."

குசினி வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையிலயோ?"

"வெள்ளிக்கிழமையிலதான். ரெண்டாய் அவி, ஒண்டு உனக்கு. அடுப்பில வச்சிட்டு இஞ்ச வா."

வந்தாள். மெசினுக்கு முன்னால் கிடந்த கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். கைகளைச் சீலையில் துடைத்துவிட்டு இருந்தாள்.

"இப்ப எழும்பு. கையை ஊன்றாமல்."

"இதென்ன மச்சாள் விளையாட்டு? எனக்கொண்டும் இல்லை" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழும்பப் பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே கதிரையின் கைப்பிடிகளைப் போய்ப் பிடித்தன.